வீட்டில் நான்கு பேர்

செம்மேடு
ஜூலை 3, 2024

அன்புள்ள அண்ணனுக்கு அருணா எழுதுவது.

இந்தக் கடிதம் எந்த ஊருக்குப் போகிறது என்று எனக்குத் தெரியாது. கவரின் மேல் உங்கள் பெயரையும் ஒரு எண்ணையும் மட்டும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். நீங்கள் இரவில் தங்கும் காப்பகத்தின் பொறுப்பாளரிடம் அது போகும். அவர் உங்களிடம் கொடுப்பார். வாங்கிப் படிப்பதும் கிழித்துப் போடுவதும் உங்கள் இஷ்டமாம். போன் நம்பர் கேட்டேன், கிடையாது என்றார்கள். ஊர்ப் பெயராவது சொல்லுங்கள் என்று எங்கள் மேற்பார்வையாளர் ராதிகா மேடத்திடம் மன்றாடினேன். "தேடி வர்றவங்க எல்லாரும் நல்லதுக்குத்தான் வர்றாங்கன்னு நமக்கு எப்படித் தெரியும் அருணா?" என்றார். கூடப்பிறந்தவளிடமே இப்படிச் சொல்கிறாரே என்று கோபம் வந்தது.

நான் இப்போது செம்மேட்டில் 'கூரை' என்கிற அமைப்பில் வேலை பார்க்கிறேன். எட்டு மாதம் ஆகிறது. மலையிலும் அடிவாரத்திலும் வீடில்லாதவர்களைக் கணக்கெடுத்து, அவர்களுக்கு இடம் பார்த்துக் கொடுக்கும் வேலை. முன்பெல்லாம் ஆஸ்பத்திரி ஒரு நோட்டில் எழுதும், காப்பகம் ஒரு நோட்டில் எழுதும், பஸ் ஸ்டாண்டில் சாப்பாடு கொடுப்பவர்கள் இன்னொன்றில் எழுதுவார்கள். ஒருவர் நோட்டை இன்னொருவர் பார்த்ததில்லை. இப்போது எல்லாரும் கம்ப்யூட்டரில் ஒரே பொதுப் பட்டியலில் எழுதுகிறார்கள். ஒரு ஆளுக்கு ஒரு எண்.

மலையில் திண்ணனூர் நாடு என்கிற ஊர்த் தொகுதியில் வீடு வீடாகப் போய் எழுதி ஏற்றுவது என் பொறுப்பு. போன மாதம் நம் வீட்டை ஏற்றினேன். அம்மா, நான், என் மகள் கோகிலவாணி, நீங்கள். நான்கு பேர். பட்டனை அழுத்தியதும் உங்கள் பெயர் மட்டும் சிவப்பாக மாறியது. 'இவர் வேறிடத்தில் வீடற்றவராகப் பதிவாகியுள்ளார்' என்று ஒரு வரி வந்தது. பெயர் மணிவண்ணன், தகப்பனார் செங்கோடன், பிறந்த வருஷம், ஊர், எல்லாம் ஒத்துப்போயின. ஆறு வருஷமாக உயிரோடு இருக்கிறீர்களா என்றே தெரியாமல் இருந்தோம் அண்ணா. அந்தச் சிவப்பு எழுத்தைப் பார்த்து நான் சிரித்தேனா அழுதேனா என்று பக்கத்து மேஜைக்காரியைத்தான் கேட்க வேண்டும்.

அம்மா நன்றாக இருக்கிறார். காட்டுப்பன்றியை விரட்டப் போய்ப் பக்கத்துக் காட்டுக்காரரின் கன்றுக்குட்டியை விரட்டியடித்து வந்தார், அவ்வளவுதான் கண்பார்வை. கோகிலா எட்டாவது படிக்கிறாள். உங்களுக்கு வீடு இருக்கிறது. எங்கோ பாயில் படுத்திருக்க வேண்டாம், கிளம்பி வாருங்கள்.

உங்கள் தங்கை
அருணா


ஜூலை 21, 2024

அருணாவுக்கு மணிவண்ணன் எழுதுவது.

கடிதம் கிடைத்தது. நான்கு நாள் பிரிக்காமல் பையிலேயே வைத்திருந்தேன். பிறகு படித்தேன். அம்மா உடம்பு நன்றாக இருப்பதில் சந்தோஷம். பாப்பா எட்டாவதா? நான் அவளை இன்னும் இடுப்பில் தூக்கி வைத்தபடிதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும், கோபித்துக்கொள்ளாதே. இங்கே என்னைப் போன்றவர்களுக்குக் குறைந்த வாடகையில் ஐந்து தனி அறைகள் கொடுக்கப் போகிறார்கள். யாருக்கு அவசியம் அதிகம் என்று உங்கள் பட்டியலைப் பார்த்துத்தான் வரிசை போடுகிறார்கள். நான் மூன்றாவது ஆளாக இருந்தேன். சென்ற வாரம் காப்பகப் பொறுப்பாளர் சிவபிரகாஷ் கூப்பிட்டு, "அண்ணா, உங்க பேரு வரிசையில இல்லீங்க. மலையில உங்களுக்கு ஊடு இருக்குதுன்னு வந்திருச்சு" என்றார். யார் எழுதினார்கள் என்று அவருக்கும் தெரியவில்லை. உன் கடிதத்தைப் படித்த பிறகு எனக்குத் தெரிந்துவிட்டது.

நீ நல்ல மனதோடுதான் எழுதியிருப்பாய். ஆனால் நான் அந்த வீட்டுக்கு வரப்போவதில்லை. காரணம் உனக்கே தெரியும். ஆகவே என் பெயரை எடுத்துவிடு. செப்டம்பர் பதினாறாம் தேதி அறை கொடுக்கிறார்கள். அதற்குள் எடுத்தால்தான் உண்டு. இதை விட்டால் இனி எப்போது என்று யாருக்கும் தெரியாது.

பாப்பாவை நன்றாகப் படிக்க வை.

மணிவண்ணன்


செம்மேடு
ஆகஸ்ட் 4, 2024

அண்ணா,

உங்கள் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டவில்லை. நலமாக இருக்கிறீர்கள் என்று மட்டும் சொன்னேன். இரண்டு நாளாக ஓரி விழாவுக்கு செம்மேட்டில் கால் வைக்க இடமில்லை. ஊரே சிரித்துக்கொண்டு திரிந்தது. நான் மட்டும் உங்கள் கடிதத்தை வைத்துக்கொண்டு ஆபீஸில் முகத்தைத் தூக்கி வைத்திருந்தேன்.

பெயரை எடுக்க முடியாது. ஆறு வருஷத்தில் நம் பழக்கம் மறந்துவிட்டதா? செங்கல் சூளைக்குப் போனாலும், கேரளாவுக்கு மிளகு பறிக்கப் போய் மூன்று வருஷம் வராவிட்டாலும், ஊட்டில் எத்தனை பேருங்க என்று கேட்டால் போனவரையும் சேர்த்துத்தான் இங்கே சொல்வார்கள். நான் போன அத்தனை வீட்டிலும் அப்படித்தான் சொன்னார்கள், அப்படித்தான் எழுதினேன். பெயரை விட்டுச் சொல்வது எப்போது? கருமாதி முடிந்த பிறகு. உங்களுக்கு நான் அதைச் செய்ய வேண்டுமா?

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். அது உங்கள் வீடு. அப்பா உங்களுக்காகக் கட்டியது. தாலி அறுத்துக்கொண்டு பிள்ளையோடு வந்து உட்கார்ந்திருப்பவள் நான். இப்போது உங்கள் பெயரையும் என் கையாலேயே எடுத்தால் ஊர் என்ன சொல்லும்? அண்ணனைத் தெருவில் விட்டுவிட்டு வீட்டை எடுத்துக்கொண்டாள் என்பார்கள்.

காரணம் எனக்கே தெரியும் என்று எழுதியிருக்கிறீர்கள். தெரியும். வண்டியை ஓட்டியவர் நீங்கள், செத்தவர் என் புருஷன். ஆனால் அதற்காக உங்களை வெளியே போ என்று நான் சொன்னேனா? பதினாறாம் நாள் காரியத்துக்குக்கூட நிற்காமல் போனீர்கள். நான் அவரை இழந்தது ஒரு நாளில். உங்களை இழந்தது அதே வாரத்தில். எனக்கு வேண்டியிருந்த நேரத்தில் ஓடிப்போனீர்கள். என் கோபம் அதன் மேல்தான், விபத்தின் மேல் இல்லை.

அருணா


ஆகஸ்ட் 18, 2024

அன்புள்ள அருணா,

நீ திட்டியது எல்லாம் சரி. ஓடித்தான் போனேன்.

நேராகச் சொல்லிவிடுகிறேன். அன்று மலை ரோட்டின் முப்பத்தெட்டாவது கொண்டை ஊசி வளைவில் பிரேக் பிடிக்கவில்லை. குச்சிக்கிழங்கு மூட்டையின் மேல் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளை இளங்கோவைத் தூக்கி வீசிவிட்டது. எனக்கு ஒரு கீறல் இல்லை. மூன்றாம் நாள் காலை நீ அடுப்படியிலிருந்து காப்பி கொண்டுவந்து என் கையில் கொடுத்தாய், நினைவிருக்கிறதா? டம்ளரை நீட்டினாய், அவ்வளவுதான். இந்தக் கையால் தினமும் எனக்குச் சோறு வரும், அதைத் தின்று உயிரோடு இருக்க வேண்டும் என்று நினைத்ததுமே என்னால் முடியவில்லை. அடுத்த நாள் கிளம்பிவிட்டேன்.

அதற்குப் பிறகு வண்டி ஓட்டவில்லை. மூட்டை தூக்கினேன். சிமெண்ட் இறக்கும்போது விழுந்து இடது காலில் கம்பி வைத்திருக்கிறார்கள். இந்தக் காப்பகத்தில் இரவு ஏழு மணிக்கு உள்ளே விடுவார்கள், காலை ஆறு மணிக்கு வெளியே வந்துவிட வேண்டும். நல்லவர்கள்தான், ஆனால் விதி அப்படி. காய்ச்சல் வந்த அன்றுதான் எனக்கு உறைத்தது, பகலில் படுக்க எனக்கென்று ஒரு இடம் இல்லை. பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் படுத்தால் தடியால் தட்டுவார்கள். பஸ்சுக்குக் காத்திருப்பவன் மாதிரி உட்கார்ந்தே தூங்கப் பழகிவிட்டேன்.

உங்கள் பட்டியலைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. முன்பு ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொரு கதை சொல்வேன். ஆஸ்பத்திரியில் சேலத்துக்காரன், சாப்பாட்டு வண்டியில் ஈரோட்டுக்காரன். என்னை நான்கு ஆளாக எண்ணி வைத்திருந்தார்களாம். சிவபிரகாஷ் வந்து, ஏன் வீடில்லை என்று கேட்காமல், "நேத்து ராத்திரி எங்கண்ணா படுத்தீங்க?" என்று கேட்டார். அடுத்த நாளும் வந்து அதையே கேட்டார். நாலாவது நாள் அவரிடம் வளைவு முதல் எல்லாவற்றையும் சொன்னேன். இப்போது எந்த இடத்துக்குப் போனாலும் எண்ணைச் சொன்னால் போதும். 'குடும்பத்தைப் பற்றிக் கேட்க வேண்டாம்' என்று அதில் எழுதி வைத்திருக்கிறார். திரும்பத் திரும்ப அந்த வளைவைச் சொல்ல வேண்டியதில்லை. அது எனக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று உனக்குப் புரியுமா கண்ணு?

வீட்டைப் பற்றி ஊர் பேசினால் பேசட்டும். அது நீயும் பாப்பாவும் தலை நிமிர்ந்து இருக்க வேண்டிய வீடு. நான் கேட்பது பகலிலும் படுக்க ஒரு அறை. உன் கையில் இருக்கிறது.

மணிவண்ணன்


செம்மேடு
ஆகஸ்ட் 31, 2024

அன்புள்ள அண்ணா,

உங்கள் கடிதத்தைப் பஸ்சில் படித்தேன். வீட்டு நிறுத்தத்தில் இறங்க மறந்து கடைசி ஊர் வரை போய்த் திரும்பி நடந்தேன்.

நேற்று மாதாந்தரக் கூட்டம். வழக்கமாக நான் வாயைத் திறக்க மாட்டேன். நேற்று எழுந்து நின்று, வீட்டில் பெயர் உண்டு, ஆனால் அங்கே வசிக்கவில்லை என்று எழுத ஒரு கட்டம் வேண்டும் என்றேன். இல்லாவிட்டால் மலைக்காரர் யாருக்கும் கீழே இடம் கிடைக்காது, வீட்டார் பாசத்தில் பெயரைச் சொல்லியே கெடுத்துவிடுவார்கள் என்றும் சொன்னேன். எல்லாரும் தலையாட்டினார்கள். சாப்ட்வேர் செய்கிறவரிடம் போனில் கேட்டார்கள். அடுத்த மாற்றத்தில், ஜனவரிவாக்கில் சேர்க்கலாம் என்றார். உங்கள் தேதி செப்டம்பர் பதினாறு. அதனால் வேறு வழியில்லை. குடும்பத் தலைவி என்று இருக்கும் அம்மா, என் மகன் இந்த வீட்டில் வசிக்கவில்லை என்ற தாளில் கைநாட்டு வைக்க வேண்டும்.

அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். தாளைக் கண்டாலே எழுந்து காட்டுக்குப் போய்விடுகிறார். நேற்று கட்டைவிரலில் துணியைச் சுற்றிக்கொண்டு, காயம், மை படக்கூடாது என்றார். அவிழ்த்துப் பார்த்தேன், ஒன்றுமில்லை. இரவு படுத்த பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "அந்த ரூமுல அடுப்பு இருக்குமா?" எனக்குத் தெரியவில்லை. எழுதுங்கள்.

உங்களிடம் இரண்டு பொய் சொல்லியிருக்கிறேன். நம் வீட்டை ஏற்றும்போது தற்செயலாக உங்கள் பெயர் வந்தது போல எழுதினேன். அப்படியில்லை. இந்த வேலைக்கே அதற்காகத்தான் சேர்ந்தேன். பட்டியலில் தேட எனக்கு அனுமதி கிடையாது. அதனால் நம் வீட்டை மாதா மாதம் அழித்துவிட்டுத் திரும்ப ஏற்றினேன், என்றாவது ஒருநாள் சிவக்கும் என்று. ஏழாவது தடவை சிவந்தது. ராதிகா மேடத்துக்கு இது தெரிந்தால் என் வேலை போய்விடும்.

இரண்டாவதை எழுதக் கை வரவில்லை. என் கோபம் நீங்கள் ஓடிப்போனதன் மேல் என்றேன். அது பாதிதான். அன்று காலை மழை. பிரேக் ஒரு மாதிரி இருக்கிறது, நாளைக்குப் போகலாம் என்று சொன்னீர்கள். நாளைக்கு ஜவ்வரிசி மில் லீவு, பிடுங்கிப் போட்ட கிழங்கு கறுத்துப்போகும், இன்றைக்கே போங்கள் என்று விரட்டியவள் நான். துணைக்குப் போங்கள் என்று அவரை வண்டியில் ஏற்றிவிட்டதும் நான்தான். இதை யாரிடமும் சொன்னதில்லை. நீங்கள் ஊரைவிட்டுப் போனதும், பழியெல்லாம் உங்களோடு போய்விட்டது. நான் பேசாமல் இருந்துகொண்டேன். ஆறு வருஷமாக உங்கள் பெயரை விடாமல் சொல்லி வருவதற்கு அதுவும் ஒரு காரணம்.

அருணா


செப்டம்பர் 6, 2024

அருணா கண்ணு,

நீ விரட்டியது எனக்கும் நினைவிருக்கிறது. மறந்திருப்பேன் என்றா நினைத்தாய்? வண்டி என்னுடையது, பிரேக் என்னுடையது. போகமாட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் இருந்தது. நீ கிழங்கு கறுத்துப்போகும் என்றாய், எல்லா வீட்டிலும் எல்லாப் பெண்களும் சொல்வதுதான். அதைப் போய் ஆறு வருஷம் சுமந்திருக்கிறாயே பைத்தியக்காரி. அங்கே இருந்திருந்தால் ஒரு வார்த்தையில் சொல்லியிருப்பேன். இல்லாமல் போனதற்கு வருத்தப்படுகிறேன். மன்னித்துக்கொள்.

அம்மாவிடம் சொல். ஒற்றை கேஸ் அடுப்பு, சிலிண்டரோடு கொடுக்கிறார்கள். பாத்திரம் கழுவ ஒரு தொட்டி. உள்ளே தாழ்ப்பாள் உண்டு. சிவபிரகாஷ் கூட்டிப்போய்க் காட்டினார். நான் சும்மா அடுப்பைத் திருகிப் பார்த்தேன், எரிந்தது.

இன்னும் பத்து நாள்.

மணிவண்ணன்


செம்மேடு
செப்டம்பர் 12, 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

முடிந்தது. நீங்கள் இனி நம் வீட்டில் இல்லை.

கடிதத்தை அம்மாவுக்கு இரண்டு தடவை படித்தேன். அடுப்பு எரிந்தது என்ற இடத்தில் நிறுத்தச் சொன்னார். "பேரை எடுத்தா எம்பையன் செத்துட்டான்னு ஆயிராதா சாமி?" என்று கேட்டார். ஆகாது என்றேன். எனக்கே நிச்சயமில்லை, ஆனாலும் சொன்னேன். பிறகு, "அடுப்பு எரிஞ்சா அது ஊடுதான். எங்க வெக்கோணும், காட்டு" என்று விரலை நீட்டினார். அழுத்திய அழுத்தில் தாள் கிழியப் பார்த்தது.

ஆபீஸில் நானே உட்கார்ந்து எடுத்தேன். வேறு யாரையும் செய்ய விடவில்லை. பெயரை நீக்கக் காரணம் கேட்டது. மூன்றே காரணங்கள்தான் அதில் இருந்தன. இறப்பு, திருமணமாகிச் சென்றார், தனிக்குடித்தனம். மூன்றாவதை அழுத்தினேன். நாற்பத்து மூன்று வயதில், கல்யாணமே ஆகாமல், உங்களைத் தனிக்குடித்தனம் அனுப்பி வைத்திருக்கிறேன். மாமியார் கொடுமை என்று ஊரில் சொல்லிவிடாதீர்கள். அழுத்தியதும் திரையில் மூன்று பேர் மட்டும் நின்றோம். என்னால் அழுகையை அடக்க முடியவில்லை. ராதிகா மேடம் பக்கத்தில் வந்து நின்றார். அவரிடம் ஏழு மாதம் நான் செய்ததையும் சொல்லிவிட்டேன். திட்டினார், நன்றாகவே திட்டினார். எழுத்தில் விளக்கம் கேட்டு வாங்கிக்கொண்டார். வேலையைவிட்டு எடுக்கவில்லை.

அதோடு நிற்கவில்லை. ஜனவரி வரை காத்திருக்க வேண்டாம் என்று ஒரு தனி நோட்டு போட்டுக்கொண்டு நான் எழுதிய வீடுகளுக்கெல்லாம் திரும்பப் போகிறேன். இப்போது எத்தனை பேர் என்று கேட்பதில்லை. "நேத்து ராத்திரி உங்க ஊட்டுல யாராரு படுத்திருந்தீங்க?" என்று உங்கள் சிவபிரகாஷ் மாதிரியே கேட்கிறேன். விரல் விட்டு எண்ணிப் பார்க்கிறார்கள். பிறகு மெல்லச் சொல்கிறார்கள். இதுவரை பதினோரு பேர் வீட்டுக் கணக்கில் இருக்கிறார்கள், வீட்டில் இல்லை. அதில் நான்கு பேர் எங்கே என்று வீட்டாருக்கே தெரியாது. வீடில்லாதவர் கணக்கு இந்த மாதம் குறையும் என்று மேலே சொல்லியிருந்தார்கள், இவர்களையும் சேர்த்ததில் ஏறிவிட்டது. குறைக்கச் சொன்னால் கூட்டுகிறீர்களே என்று மேலிடத்திலிருந்து போன் வந்தது. இருக்கிறவர்களைத்தான் எழுதியிருக்கிறோம் என்று ராதிகா மேடம் சொல்லிவிட்டார்.

பதினாறாம் தேதி என்ன ஆயிற்று என்று உடனே எழுதுங்கள். அம்மா இப்போதே பஸ் நிறுத்தம் வரை போய் யாராவது கடிதம் கொண்டுவருகிறார்களா என்று பார்த்துவிட்டு வருகிறார்.

அருணா


மணிவண்ணன்
அறை எண் 3, காரவள்ளி
அக்டோபர் 2, 2024

அன்புள்ள அருணா,

மேலே இருப்பது என் விலாசம். முதல் தடவையாக எழுதுகிறேன். மூன்று தாள் வீணானது, கையெழுத்து நன்றாக வரவில்லை என்று கிழித்தேன்.

ஐந்து அறைகளில் இரண்டு டவுனில், மூன்று காரவள்ளியில். எது வேண்டும் என்று சிவபிரகாஷ் கேட்டார். காரவள்ளி என்றேன். மலை ஏறும் ரோடு இங்கேதான் ஆரம்பிக்கிறது, தெரிந்துதான் கேட்டேன். கிழங்கு எடை போடும் இடத்தில் உட்கார்ந்து பார்க்கிற வேலை கிடைத்திருக்கிறது. கால் தாங்குகிறது. முதல் வாரம் இரவில் விளக்கை அணைக்காமல் தூங்கினேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, வேண்டுமென்றே படுத்தேன். யாரும் எழுப்பவில்லை. சாயங்காலம் வரை தூங்கினேன்.

அம்மா கைநாட்டு வைத்ததைப் பற்றி நீ எழுதியதைப் பல தடவை படித்தேன். ஒன்று எனக்கு இப்போதுதான் தெரிகிறது. இந்த ஆறு வருஷமும் நான் வராததற்குப் பழி மட்டும் காரணம் இல்லை. வந்தால் போக இடமில்லாதவனாக வந்திருப்பேன். வாசலில் நின்றால் நீங்கள் உள்ளே கூப்பிட்டுத்தான் ஆக வேண்டும், கூப்பிட்டால் நான் இருந்துதான் ஆக வேண்டும். உன் முகத்தைப் பார்க்கும் தைரியம் ஒருவேளை வந்திருக்கும். ஆனால் தினமும் பார்த்தபடி அங்கேயே இருக்கும் தைரியம் இல்லை.

வருகிற சனிக்கிழமை பகல் பஸ்சில் ஏறலாம் என்று இருக்கிறேன். முப்பத்தெட்டாவது வளைவில் இறங்கிக் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு அடுத்த பஸ்சில் வருவேன். தாமதமானால் பயப்படாதே. மாப்பிள்ளையிடம் நான் பேச வேண்டியது இருக்கிறது. நீயும் வர நினைத்தால் அங்கே வா, இல்லாவிட்டால் வீட்டிலேயே இரு, இரண்டும் எனக்குச் சம்மதம்.

அம்மாவிடம் சொல், விருந்தாளிக்கு என்ன செய்வாரோ அதைச் செய்யட்டும், மகன் என்று குறைத்துவிட வேண்டாம். இரண்டு நாள் இருப்பேன். போகாதே என்று அழுது பிடித்து வைக்கக் கூடாது, உன்னிடமும்தான் சொல்கிறேன். திங்கட்கிழமை காலை முதல் பஸ்சுக்கு என்னை அனுப்பிவிட வேண்டும். நான் வீட்டுக்குப் போக வேண்டும்.

உன் அண்ணன்
மணிவண்ணன்